சோதனை என்கிறார்கள், நான் சுகம் என்கிறேன்

நடுவர் அவர்களே, தொழிற்சாலையில் உழைத்த காலத்தில் நாம் ஓட்டிய பழைய கார்கள் தந்தது சுகமா, சோதனையா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் சோதனைதான் என்று முழங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மழையில் நின்றுவிடும், குளிரில் கிளம்பாது, பெட்ரோலைக் குடிக்கும், வயதாகிவிட்டதால் நமக்கு எல்லாம் இனிப்பாகத் தெரிகிறது, இவ்வளவுதான் அவர் வாதம். சரி, குறை எதையும் நான் மறுக்கப் போவதில்லை. இன்னும் இரண்டு சேர்த்தே தருகிறேன், குறித்துக்கொள்ளட்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே கிடையாது. வண்டி திக்கித் திணறும்போது காலடியில் இருக்கும் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் மிச்சம் வைத்த பெட்ரோல் இறங்கும், அதைப் பழையபடி திருப்பி வைக்க மறந்தால் அடுத்த முறை நடைதான். 1959இல் வந்த மினி என்ற குட்டிக் காரில், சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலேயே வைத்தார்கள், மழை வந்தால் முதலில் குளிப்பது அதுதான்.

இத்தனை இருந்தும் மனம் ஏன் அந்த வண்டிகளை விடமாட்டேன் என்கிறது? எதிரணி அந்தப் பக்கமே வரவில்லை.

நான் லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓட்டியவன், நடுவர் அவர்களே. லேத்காரனுக்குக் காது முக்கியம், வெட்டும் சத்தம் மாறினாலே டூல் மழுங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்து காரைக் கிளப்பினால் அதே காதுதான் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம், கரி படிந்து கருப்பாக இருந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் விடுகிறது, வெளுத்திருந்தால் குறைவாக விடுகிறது, இளம்பழுப்பாக இருந்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், ஓட ஓட அது தேய்ந்து சுருங்கும், வண்டி இழுக்க மறுக்கும். அதைச் சரி செய்ய என்ன வேண்டும்? ஒரு ஸ்க்ரூ டிரைவர், சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ். வேலைக்கு வைத்திருந்த கருவியே காருக்கும் போதுமானதாக இருந்தது!

இன்னொன்று சொல்கிறேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க புஷ் என்ற ஒரே உலோக வளையத்தைக் கடைந்துகொண்டிருப்போம், அது எந்த இயந்திரத்தில் போய் உட்காரப் போகிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை, கேட்டால் வரைபடத்தைப் பார் என்பார்கள். ஒரு இயந்திரம் முழுசாக நம் கைக்கு வந்தது அந்த பானெட்டைத் திறந்தபோதுதான். எது எதைத் தள்ளுகிறது, எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தச் சுகத்தை எதிரணி எந்தக் கணக்கில் எழுதும்?

குளிரில் தள்ளினோமே என்று அங்கலாய்த்தார். தள்ளினோம் ஐயா. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு ஒருவர் உள்ளே, மற்றவர்கள் பின்னால், வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் கிளம்பிவிடும். இரவு ஷிப்ட் முழுக்க நம்மை விரட்டிய சூப்பர்வைசரும் மூச்சு வாங்க வந்து கை கொடுப்பார். சோதனையாம்! அவர் தள்ளுவதைக் கண்ணாடியில் பார்ப்பதற்காகவே கிளட்சைக் கொஞ்சம் தாமதமாக விட்டவர்கள் உண்டு. அப்புறம் வண்டிக்குள் நாலு பேர், சீட்டில் எண்ணெய் படாமல் இருக்க விரித்த செய்தித்தாள், பூட்ஸ் அடியில் ஒட்டிவந்த இரும்புச் சீவல், ஓவர்டைம் கணக்கில் ஆரம்பித்து யார் மகளுக்கு எங்கே வரன் என்பது வரை ஓயாத பேச்சு.

பாதுகாப்பு என்று அடுத்து வருவார்கள், அதையும் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். வால்வோ கார் கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் 1959இலேயே காரில் வந்துவிட்டது, மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையையும் திறந்துவிட்டார்கள், ஆனாலும் நாம் ஓட்டிய பல வண்டிகளில் பெல்ட்டே கிடையாது. உண்மை. என் பேரனை அப்படி ஒரு வண்டியில் நெடுஞ்சாலைக்கு அனுப்புவேனா? மாட்டேன். ஆனால் எது பத்திரம் என்றா தலைப்பு வைத்திருக்கிறீர்கள்?

கடைசியாக அந்த வயது விஷயம். பழசெல்லாம் வயதால்தான் இனிக்கிறது என்றால் உலைக்களத்துச் சூடும் இனிக்க வேண்டுமே, அதிகாலைச் சங்குக்கும் வருகைக் கடிகாரத்துக்கும் யாராவது ஏங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கார் மட்டும் ஏன்? அதோடு பீட்டில் 2003 வரை மெக்சிகோவில் தயாரானது, மொத்தம் 2.1 கோடிக்கு மேல். முதியவர்கள் கனவு காண்பதற்காக எந்தக் கம்பெனியும் அத்தனை காலம் ஆலை நடத்தாது, நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறு எதற்காகவாவது உங்கள் புதுக் காரின் பானெட்டை நீங்களே திறந்தது எப்போது?