முங்குன வண்டியை ஓட்டாதிய, உடைங்க: என் ஸ்விஃப்டுக்கு இன்னைக்குக் கடைசி நாள்

எல்லாரும் நல்லாருக்கியளா மக்களே? இன்னைக்கு நம்ம திருநெல்வேலி பேட்டைப் பக்கம், எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி பட்டறையில நிக்கேன். பின்னாடி நிக்குதுல்லா வெள்ளை ஸ்விஃப்ட், டிஎன் 72, 2016 மாடல் டீசல், அது என் வண்டிதான். ஒன்றரை வருசம் ஓட்டியிருக்கேன். இன்னைக்கு அதை உடைக்கப் போறோம். பானெட்டு, நாலு கதவு, டிக்கி எல்லாம் காலையிலயே கழத்தியாச்சு. மிச்சத்தை உங்களுக்குக் காட்டிக்கிட்டே கழத்தலாம்னுதான் கேமராவை எடுத்தேன்.

"டோட்டல் லாஸ் வண்டி கம்மி விலைக்கு வருது, வாங்கலாமாண்ணே"ன்னு பாக்குற இடத்துல எல்லாம் கேக்கிய. வாங்கலாம். நானே நாலு வண்டி வாங்கியிருக்கேன். மூணு இடிபட்ட வண்டி, மூணுமே நல்லபடியா ஓடிக்கிட்டு இருக்கு. நாலாவதுதான் இது. இது இடிபட்ட வண்டி இல்ல, வெள்ளத்துல முங்குன வண்டி. அந்த வித்தியாசத்தை நான் புரிஞ்சுக்கிட ஒன்றரை வருசம் ஆச்சு.

மொதல்ல டோட்டல் லாஸ்னா என்னன்னு சொல்லிருதேன். இன்சூரன்ஸ் பாலிசியில ஐடிவின்னு ஒரு தொகை போட்டிருக்கும் பாத்தியளா, அதான் வண்டிக்கு அவிய வச்சிருக்குற மதிப்பு. 5 வருசம் வரைக்கும் வருசத்துக்கு இவ்வளவு கழிவுன்னு கணக்கு இருக்கு. அதுக்கு மேல பழசானா, நம்மளும் கம்பெனியும் பேசி வைக்குற தொகைதான். வண்டி அடிபட்டா சர்வேயர் வந்து பாப்பாவ. சரி பண்ணுற செலவு ஐடிவியில 75 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா டோட்டல் லாஸ். இந்த வண்டிக்கு ஐடிவி 3 லட்சம். அப்போ 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல எஸ்டிமேட் வந்துட்டா முடிஞ்சுது, வண்டி ஏலத்துக்குப் போயிரும்.

ஆனா அந்த எஸ்டிமேட்டு ஷோரூம் எஸ்டிமேட்டு. கதவு புதுசு, லைட்டு புதுசு, பம்பர் புதுசு, லேபர் ஷோரூம் லேபர். அதே வேலையை நம்ம டிங்கர் கையில கொடுத்து, சென்னை புதுப்பேட்டையில இருந்து பழைய கதவு ஒண்ணு இறக்கி மாட்டினா பாதிச் செலவுக்கும் கீழ முடிஞ்சிரும். அதனால டோட்டல் லாஸ்னு எழுதிட்டாலே வண்டி செத்துட்டுன்னு அர்த்தம் இல்ல. கம்பெனிக்குக் கணக்கு ஒத்துவரலன்னுதான் அர்த்தம். இந்தத் தொழிலே அந்த இடைவெளியிலதான் நடக்கு. நானும் அதை நம்பித்தான் இதுல இறங்குனேன்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. நம்ம ஊர்க்காரவளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. தாமிரபரணி ரெண்டு கரையையும் தாண்டி வந்துச்சு. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குறது நம்மளுக்குப் பழகுன காட்சி. ஆனா அன்னைக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸும் தண்ணிக்குள்ள நின்னுச்சு. வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம்னு தெருத்தெருவா காருங்க முங்கிக் கிடந்துச்சு. தண்ணி வடிஞ்ச பெறகு எத்தனை ரெக்கவரி வண்டி வரிசையில போச்சுன்னு பாத்தவுகளுக்குத் தெரியும்.

அந்த வண்டியள்ல ஒண்ணுதான் இது. பிப்ரவரியில ஒரு புரோக்கர் மூலமா 95 ஆயிரத்துக்கு வாங்குனேன். "கார்பெட்டு மட்டும்தான் நனைஞ்சிருக்கு தம்பி, எஞ்சின்ல தண்ணி போகல, ஸ்டார்ட் பண்ணாமலே தூக்கிட்டு வந்தது"ன்னு சொன்னாவ. ஸ்டார்ட் பண்ணலங்கறது உண்மைதான். அது பெரிய விசயம். தண்ணிக்குள்ள நிக்குற வண்டியைச் சாவி போட்டுத் திருகினா, காத்து போற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள ஏறிரும். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அப்படித் திருகிட்டு எஞ்சின் போச்சுன்னு போய் நின்னவுகளுக்கு, எஞ்சின் புரொடெக்ட்னு தனியா சேத்து எடுத்திருந்தா மட்டும்தான் அந்தச் செலவு கிடைக்கும். சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ்ல பொதுவா கொடுக்க மாட்டாவ. இதை வண்டி வச்சிருக்குற எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க.

நான் எஞ்சினைத்தான் பாத்தேன். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாத்தேன், தண்ணி கலந்தா வாற பால் ஊத்துன காப்பி நிறம் இல்ல, கருப்பாத்தான் இருந்துச்சு. கையாலயே எஞ்சினைச் சுத்திப் பாத்தோம், லேசா சுத்துச்சு. நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் சரியா இருந்துச்சு. சரி, ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன். சீட்டு, கார்பெட்டு எல்லாம் கழத்திச் சித்திரை வெயில்ல காயப்போட்டு, எல்லா ஆயிலையும் மாத்தி, வேலை முடிச்சப்போ கூட ஒரு 70 ஆயிரம் ஆகியிருந்துச்சு. வண்டி பளபளன்னு வந்துச்சு.

கேமராவைக் கிட்ட கொண்டு வாறேன், பாருங்க. டேஷ்போர்டைக் கழத்தியாச்சு. இந்தக் கனெக்டரை உருவுதேன். பச்சையா பூத்திருக்கு பாத்தியளா? நம்ம வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காம விட்டா களிம்பு ஏறும்லா, அதே களிம்புதான். ஆத்துத் தண்ணி சுத்தமான தண்ணி இல்ல. சாக்கடை, வண்டல், ஊருல உள்ள அழுக்கு எல்லாம் சேந்து வந்த தண்ணி. அது செம்பு பின்னுக்குள்ள புகுந்துட்டா, வெளியில காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள மெல்ல மெல்லத் திங்கும். ஒரு மாசத்துல தெரியாது, ஆறு மாசத்துல தெரியும். இந்த ஒரு வண்டியில இப்படி எத்தனை கனெக்டர் இருக்கு! ஒவ்வொண்ணாக் கழத்தித் துடைச்சேன்னு எவராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

இது என்னன்னு தெரியுதா? கியர் லிவருக்குக் கீழ, தரையோட தரையா உக்காந்திருக்கு. ஏர்பேக் மாடியூல். இடிச்சா ஏர்பேக் விரியணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுற பொட்டி இதுதான். வெள்ளம் சீட்டு உயரத்துக்கு வந்துச்சுன்னா மொதல்ல முங்குறதே இதுதான். வண்டி வாங்கி எட்டாவது மாசத்துல ஏர்பேக் லைட்டு எரிய ஆரம்பிச்சுது. "அந்த லைட்டை அணைச்சு விட்டுரலாம், நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டாப் போதும்"னு ஒருத்தர் சொன்னாவ. சொன்னவர் வேலை தெரிஞ்சவர்தான். நான் ஒத்துக்கிடல. லைட்டை அணைச்சா உசுருக்கு என்ன பாதுகாப்பு? நீங்க எந்தப் பழைய வண்டி பாக்கப் போனாலும் சாவியை ஆன் பண்ணி மீட்டரைப் பாருங்க. ஏர்பேக் லைட்டு எரிஞ்சு, சில செகண்டுல அணையணும். அணையாம நின்னா ஏர்பேக்ல கோளாறு. எரியவே இல்லன்னா, அது அதை விட மோசம். எவரோ கை வச்சிருக்காவ.

நான் இந்த வண்டியை வெறுத்தது இந்த வருச ஆரம்பத்துல ஒரு ராத்திரி. நாகர்கோவில்ல ஒரு கல்யாண வீடு முடிச்சுட்டு, வீட்டுக்காரியும் பிள்ளையும் பின்னாடி தூங்கிக்கிட்டு வாறாவ. நாங்குநேரி தாண்டி மூன்றடைப்புப் பக்கம், நாலு வழிச்சாலை, 80-ல போறேன். திடீர்னு மீட்டர்ல உள்ள அத்தனை லைட்டும் ஒரேயடியா எரிஞ்சுது. எஞ்சின் நின்னுட்டு. ஹெட்லைட்டும் போச்சு. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் இல்லையா, கரண்டு போனதும் கல்லு மாதிரி ஆயிட்டு. எஞ்சின் நின்னா பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்கு மேல இறுகிரும். பின்னாடி டிரெய்லர் லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. எப்படியோ ரெண்டு கையாலயும் இழுத்து ஓரத்துல கொண்டு போய் நிறுத்துனேன். பிள்ளை முழிச்சு "வீடு வந்துட்டாப்பா"ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழும்பல.

மறுநாள் பாத்தா காரணம் இந்த ஃபியூஸ் பாக்ஸ்தான். பின்பக்கம் முழுக்கக் களிம்பு. இதை மாத்தலாம். ஆனா அடுத்தது எதுன்னு யாரு சொல்ல முடியும்?

உடைக்கப் போறேன்னு தெரிஞ்சதும் ஒரு ஆள் வந்து, "2 லட்சம் தாறேன், அப்படியே கொடுத்துருங்க, பாலிஷ் போட்டா பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு கேட்டாவ. உடைச்சு வித்தா அவ்வளவு வராது, எனக்கே தெரியும். ஆனா அந்த வண்டியில இன்னொரு வீட்டுப் பிள்ளை பின் சீட்டுல தூங்கிக்கிட்டு வரும்லா. நான் கொடுக்கல.

நீங்க ஏமாறாம இருக்க என்ன பாக்கணும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. கார்பெட்டை மாத்துவாவ, சீட்டுத் துணியை மாத்துவாவ, பெல்ட்டோட அடி நுனியை யாரும் கழுவ மாட்டாவ. அதுல வண்டல் கோடு இருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கிட்டு அந்தப் பள்ளத்துல விரலை விட்டுப் பாருங்க. சீட்டுக்கு அடியில உள்ள போல்டு துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. ஏசியை நிறுத்திட்டுக் கண்ணாடியை ஏத்தி அஞ்சு நிமிசம் உள்ள உக்காருங்க. மக்குன வாடை வரும். புதுசா செண்டு அடிச்சு மணக்க மணக்க இருந்துச்சுன்னா இன்னும் சந்தேகப்படுங்க.

சரி, இடிபட்ட வண்டின்னா? அது காயத்தை மறைக்காது, அதான் அதுல எனக்குப் புடிச்ச விசயம். பம்பர், பானெட்டு, ரேடியேட்டர், லைட்டு நொறுங்கியிருந்தா பயப்படாதிய. பானெட்டைத் திறந்து ரெண்டு பக்கமும் அப்ரானை, அதான் எஞ்சினுக்குப் பக்கத்துல உள்ள உள் தகட்டைப் பாருங்க. கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியா, வட்டமா, ஒரே இடைவெளியில இருக்கும். சுருக்கம் விழுந்திருந்தா, கேஸ் வெல்டிங் கோடு தெரிஞ்சா சேசிஸ் காலு, அதான் வண்டியைத் தாங்குற அடிச்சட்டம், வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். கதவு இடுக்கு மேலயும் கீழயும் ஒரே அளவு இருக்கணும். கூரையைத் தாங்குற தூண் மடங்கியிருந்தா அது பார்ட்ஸ் வண்டிதான். ரெண்டு வண்டியை வெட்டி ஒண்ணா ஒட்டுறது சில இடத்துல நடக்கு. அதைத் திரும்பிக் கூடப் பாக்காதிய. ஏர்பேக் விரிஞ்ச வண்டின்னா ஏர்பேக், மாடியூல், பெல்ட்டு மூணுக்கும் விலை கேட்டுட்டு அப்புறம் ஏலத்துல கை வைங்க. பழைய வண்டிக்கு அந்தச் செலவே வண்டி விலையைத் தாண்டிரும். ஆன்லைன் ஏலம்னா படத்தைப் பாத்து விலை போடாதிய, நேர்ல போங்க. இருக்குறபடியேதான் கொடுப்பாவ, பின்னாடி கேள்வி கேக்க முடியாது.

இப்போ ஆர்சி. இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. "பழைய ஓனர் பேர்லயே ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு எனக்கும் சொன்னாவ. 2018-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு: வண்டியை வித்திருந்தாலும் ஆர்சியில யார் பேரு இருக்கோ அவருதான் விபத்துல நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. அதனால வாங்குறவரு வாகன் இணையதளத்துல நம்பரைப் போட்டு ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, ஆர்சி நடப்புல இருக்கான்னு பாத்துட்டு, ஃபாரம் 29, 30 போட்டுப் பேரை மாத்திரணும். பேங்க் லோன் இருந்தா அதை ஆர்சியில இருந்து நீக்குற ஃபாரம் 35-ம் வேணும். போலீஸ் கேஸ்ல உள்ள வண்டின்னா பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து, வண்டியை விடுவிச்ச தாளு கையில வராம காசு கொடுக்காதிய. வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனிக்கிட்ட ஒப்படைக்குற ஓனர்மாரும் கேளுங்க. வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மறந்துராதிய. உங்க பேரு மாறிட்டான்னு மாசாமாசம் பாருங்க.

உடைக்குற வண்டிக்கு வேற சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு. வண்டி இனிமே ஓடவே ஓடாதுன்னு ஆகிட்டா, 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஆர்சியை ஒப்படைக்கணும். இந்த வண்டியோட சேசிஸ் நம்பர் உள்ள தகட்டை அந்தா வெட்டி வச்சிருக்கேன். 17 எழுத்து, எம்ஏ3-ன்னு ஆரம்பிக்குது. அதையும் ஆர்சியையும் நாளைக்குக் கொடுக்கப் போறேன். எதுக்கு இவ்வளவு கண்டிப்பா இருக்கேன்னா, டோட்டல் லாஸ் வண்டியோட ஆர்சியை மட்டும் விலைக்கு வாங்கி, அதே மாடல் அதே கலர்ல திருட்டு வண்டியைத் தூக்கி, அதுல இந்த நம்பரைக் குத்தி விக்குற கூட்டம் இருக்கு. திருட்டு வண்டி உடைக்குறதுக்குப் பேரு போன மீரட் சோதிகஞ்ச் சந்தையை 2021-ல போலீஸ் இழுத்து மூடுச்சு. நம்ம பேர்ல உள்ள ஒரு தாளை வச்சு எவனோ பண்ணுன திருட்டுக்கு நம்ம வாசல்ல போலீஸ் நிக்கக் கூடாது.

இனி எது தேறும்? கதவு, கண்ணாடி, வீல், லோயர் ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் நல்ல சாமான். ஈசிஎம்ங்குற எஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் பிரேக் யூனிட், ஏர்பேக், பெல்ட்டு, வயரிங் ஒண்ணு கூட விக்க மாட்டேன், நேரா காயலான் கடைக்கு. எஞ்சினுக்குத்தான் மவுசு. 1.3 டீசல், 1248 சிசி, ஃபியட் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புண்டோன்னு எத்தனை வண்டியில இது ஓடுச்சு! 2020-ல பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திட்டாவ. ஓடிக்கிட்டு இருக்குற பழைய டிசையர் டாக்சிகளுக்குச் சாமான் வேணும்லா. கூரியருக்கு ஓடுற வண்டிக்காரவ, குத்தாலம் சீசனுக்கு ஓட்டுறவ எல்லாரும் இதைத் தேடித்தான் வாறாவ.

அந்தா, தென்காசியில இருந்து டிசையர்க்கார அண்ணாச்சி மினி லாரியோட வந்துட்டாவ. எஞ்சினும் கியர்பாக்ஸும் அவுகளுக்குத்தான். வெள்ளத்துல முங்குன எஞ்சின்னு மொதல்லயே சொல்லிட்டேன், இப்போ ஹெட்டைத் திறந்து அவுக கண்ணு முன்னாடியே காட்டப் போறேன். கையில கிரீஸ் ஆகப் போவுது, கேமராவை வைக்கேன் மக்களே.