பூர்வஜென்மம் வேறு, பூட்டன் பட்ட பாடு வேறு

வணக்கம் மக்களே. சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். பிசானப் பருவ நெல்லுக்கு நடவு முடிந்து வயல் எல்லாம் பச்சையாகக் கிடக்கிறது. காற்று கொஞ்சம் அதிகம், மைக்கில் உஸ்ஸென்று கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பேசப் போவது ஒரு வகைக் கதைகளைப் பற்றி. முன்னோர் அடிமையாக இருந்த நினைவு, அந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்கிற கதைகள். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் இதில் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதைகளை யாரிடம் சொன்னாலும், 'ஓ, பூர்வஜென்மக் கதையா?' என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாம் பார்த்து வளர்ந்த சினிமா அப்படி. கோவில் மணி அடிக்கும், கதாநாயகனுக்குத் தலை சுற்றும், முன்னூறு வருஷத்துக்கு முந்தைய குதிரை ஓடி வரும்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பூர்வஜென்மக் கணக்கில், இன்றைக்கு நீ படுகிற பாட்டுக்குப் போன பிறவியில் நீ செய்ததுதான் காரணம். அடிமையாகப் பிறந்தாயா, அது உன் கர்மம், உன் தலையெழுத்து. அடித்தவன் அந்தக் கணக்கிலேயே வர மாட்டான். நான் சொல்கிற கதைகளில் கணக்கு நேராக அடித்தவன் பெயரில் எழுதப்படுகிறது. பாடு பட்டது உன் பூட்டன், படுத்தியது இன்னார், இந்த வருஷம், இந்த இடம் என்று விலாசத்தோடு வரும்.

ஆக்டேவியா பட்லர் 1979-இல் எழுதிய 'கின்ட்ரெட்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். டேனா என்று ஒரு கறுப்பினப் பெண், எழுத்தாளர். 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று கண்ணை இருட்டுகிறது. விழித்தால் ஓர் ஆற்றங்கரை. 1800-களின் தொடக்கம், மேரிலாந்து மாநிலம். வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்றுகிறாள். அவன் பெயர் ரூஃபஸ், அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்துகிறவரின் மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் காலம் இவளை அங்கே இழுத்துக்கொண்டு போகிறது.

அப்புறம்தான் முடிச்சு. அந்தப் பையன் இவளுடைய முன்னோர்களில் ஒருவன். அவன் வளர்ந்து, சுதந்திரமாகப் பிறந்து பிறகு அடிமையாக்கப்பட்ட ஆலிஸ் என்ற பெண்ணைப் பலவந்தப்படுத்தி, அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தால்தான் டேனாவின் வம்சமே உண்டு. ஆக, தான் பிறப்பதற்காக அந்த அக்கிரமக்காரனை இவள் உயிரோடு காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்படிப்பட்ட பொறி பாருங்கள். டேனா அங்கே வேறு பிறவி எடுத்துப் போகவில்லை. இதே உடம்பு, இதே பேன்ட் சட்டை, இதே படிப்பு. அந்தப் படிப்பு சவுக்கடியைத் தடுக்கவில்லை. கடைசியாகத் திரும்பி வரும்போது இடது கையை இழந்துவிடுகிறாள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று திட்டாதீர்கள், கை போன விஷயத்தை நாவலின் முதல் வரியிலேயே பட்லர் சொல்லிவிடுகிறார்.

இந்தக் கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்தால்? இந்தக் கால்வாய்க் கரையிலேயே ஒரு டேனா மயங்கி விழுந்து 1830-இல் கண் விழித்தால்? தாமிரபரணிப் பாசன வயல்களில் அன்றைக்கு வேலை செய்தவர்களில் பெரும்பகுதி அடிமைகள், பண்ணையாட்கள். நிலத்தை விற்றால் ஆளும் சேர்ந்து கைமாறுவது உண்டு. 1843-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. இனி ஒரு மனிதன் இன்னொருவனுக்கு அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. அவ்வளவுதான். வயல் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருந்தது. கஞ்சிக்கு மறுநாளும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். அடிமை என்று எழுதி வாங்கிய ஓலை போன இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், அப்பன் செத்தால் மகன் தலையில். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். டேனா புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த அதே வருஷம். வாரிசு வழியாக வந்து சேர்ந்த கடமைக்காக ஒருவன் உழைப்பதும் கொத்தடிமைத்தனம்தான் என்று அந்தச் சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டிய நிலைமை இருந்திருக்கிறது.

இந்த வாரிசு விஷயத்துக்கு நம் இலக்கியத்திலேயே ஓர் இடம் உண்டு. பெரியபுராணம், தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரர் மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழ வேதியர் வந்து, 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். வந்தது சிவபெருமான், அது நமக்குத் தெரியும், சுந்தரருக்குத் தெரியாது. அவர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் விடவில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று வழக்கை அங்கே கொண்டுபோகிறார். நானும் எனக்குப் பின்னால் வருகிற மரபினரும் வழிவழியாகத் தொண்டு செய்வோம் என்று பாட்டன் கையெழுத்திட்ட ஓலை அங்கே படிக்கப்படுகிறது. சுந்தரர் தோற்றுப்போகிறார்.

பக்தர்கள் கோபப்பட வேண்டாம், ஆண்டவனுக்கு ஆட்பட்ட கதையின் அழகில் நான் கை வைக்கவில்லை. நான் பார்ப்பது அந்தப் பத்திரத்தை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடும்போது, பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்று சபையில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டும் என்பது ஊருக்கே தெரிந்த நடைமுறை. அப்புறம் இன்னொன்று. பேரனுக்கு அதைப் பற்றி ஒரு நினைவும் இல்லை. நினைவு முழுக்க ஓலையில் இருக்கிறது, ஓலை முதலாளியிடம் இருக்கிறது. டேனா மாதிரி ஆட்களை ஆசிரியர்கள் நேரில் அனுப்பிவைப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுப்பாவிட்டால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தை மட்டுமே வைத்துக் கதை எழுத வேண்டியிருக்கும்.

ஒரு நிமிஷம், டிராக்டர் போகட்டும்... சரி.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். எங்கள் பூட்டன் பண்ணையாள். கூலி, களத்தில் அளக்கிற நெல். சூடடித்து, பொலி தூற்றி, நல்ல நெல் எல்லாம் வண்டியேறின பிறகு, தரையோடு கூட்டி அள்ளியதுதான் ஆளுக்கு. பாதி மண், கொஞ்சம் கல், மிச்சம் உள்ளே அரிசி இல்லாத சாவி நெல். அதைப் புடைத்துப் புடைத்துத்தான் பாட்டி வளர்ந்தாள். இன்றைக்கு என் அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் பொன்னி வாங்கி வருகிறாள். கல் கிடையாது, உமி கிடையாது, மிஷினில் சலித்து வருகிறது. பாக்கெட்டைப் பிரித்த உடனே சுளவில், அதாவது முறத்தில், கொட்டுவாள். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பக்கமாகச் சரித்து, விளிம்பில் மூன்று தட்டு. பிறகு விரல் நுனியால் ஓரத்தைக் கிளறுவாள். அந்த ஓரத்தில்தான் கல் ஒதுங்குமாம். ஒன்றும் ஒதுங்காது. 'ம்' என்று சொல்லிவிட்டு உலைக்குப் போடுவாள். சென்னையில் அக்கா வீட்டில் சுளவு இல்லை. எவர்சில்வர் தட்டில் அதே சரிப்பு, அதே தட்டு, அதே விரல். ஏன்டா இப்படிச் செய்கிறேன் என்று அவளே சிரிக்கிறாள். களத்தை அவள் மிதித்ததே கிடையாது.

இதை நான் 'ரத்தத்தில் வருகிறது' என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இப்போது ஃபேஷனாகிவிட்டது. எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை எல்லோரும் காட்டுவார்கள். 2013-இல் வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட வாசனை வரும்போதெல்லாம் ஆண் எலிக்கு ஷாக் கொடுத்தார்கள். அந்த வாசனையையே அறியாத அதன் குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளும்கூட அதற்கு மிரண்டன. சுவாரஸ்யமான சோதனைதான். ஆனால் அது ஒரு வாசனை, எலி, இரண்டு தலைமுறை. அதிலிருந்து மனிதனின் இருநூறு வருஷத்துக் கதைக்குத் தாவுவது எழுத்தாளர் செய்யலாம், டாக்டர் செய்யக் கூடாது. அக்கா தட்டில் தட்டுவது அம்மாவைப் பார்த்துப் பழகியது. கை வந்து சேர்ந்துவிட்டது, கதை வழியில் நின்றுவிட்டது. பாட்டி எங்களிடம் களத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. நான் இப்போது சொன்னதுகூட என் பெரியப்பா ஒரு சாவு வீட்டில் சொல்லிக் கேட்டதுதான்.

சரி, சொல்லாமல் விடுவது தப்பா? இந்த இடத்தில்தான் ரிவர்ஸ் சாலமன் 2019-இல் எழுதிய 'தி டீப்' என்ற சின்ன நாவல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து கர்ப்பிணிகளைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். வயிற்றிலிருந்த பிள்ளைகள் தண்ணீருக்குள் பிறந்து, ஒரு கடல் இனமாகப் பெருகுகிறார்கள். தள்ளிவிட்டது மட்டும் கற்பனையில்லை. 1781-இல் 'ஸாங்' என்ற கப்பலில் 130 பேருக்கு மேல் உயிரோடு தள்ளினார்கள், கப்பல் முதலாளிகள் 'சரக்கு நஷ்டம்' என்று இன்சூரன்ஸ் பணம் கேட்டு வழக்கும் நடத்தினார்கள். நாவலில் அந்தக் கடல் மக்களுக்கு நினைவு தாங்க முடியாத பாரம். அதனால் ஒருத்தி தலையில் அத்தனையையும் ஏற்றிவிடுகிறார்கள். அவள் பெயர் யேட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் நினைவைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற நாளெல்லாம் அவர்கள் சிரித்துக்கொண்டு நீந்தலாம், இவள் மெலிந்து சாக வேண்டும். ஒரு வருஷம் அவள் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்காமல் ஓடிவிடுகிறாள்.

எங்கள் குடும்பத்தில் யேட்டு என் பாட்டிதான் போல. அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிள்ளைகள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும் என்று நினைத்திருப்பாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவள் வாயடைத்ததில் பண்ணை வீட்டுக்காரர்களுக்கும் லாபம். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாது, தாத்தா தர்மவான் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நாவலில் எனக்கு ஒரே மனக்குறை, தள்ளிவிட்டவர்களின் வாரிசுகள் பக்கம் அது அதிகம் போவதில்லை. அந்த விஷயத்தில் பட்லர் கெட்டிக்காரர்.

கடல் என்றதும் அது எங்கேயோ அட்லாண்டிக் என்று நினைக்க வேண்டாம். 1658-இல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1673-க்கும் 1677-க்கும் இடையில் மதுரைச் சீமையில் பெரும் பஞ்சம். அந்த ஐந்து வருஷத்தில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,800-க்கும் மேற்பட்டவர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனது. மதுரைக் கடற்கரை என்றால் நம் தூத்துக்குடிக் கரைதான். அந்தக் கப்பலில் போனவர்களின் வம்சத்தை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன். ஒரே நிபந்தனை, கடைசி அத்தியாயத்தில் ஜோசியர் வரக் கூடாது.

அம்மாவிடம் டேனா கதையை முழுசாகச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கை போனதற்கு 'பாவம்' என்றாள். பிறகு, "அவ புருஷன் வெள்ளக்காரன்னு சொன்னியே, அவனும் கூடப் போனானா?" என்று கேட்டாள்.

போனான். கெவின் நல்லவன். ஒரு தடவை இவள் கையைப் பிடித்திருந்ததால் அவனும் சேர்ந்து போய், அங்கேயே மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு அங்கே ஐந்து வருஷம் ஓடிவிடுகிறது. அடிமைகள் தப்பிப்பதற்கு உதவி செய்து உயிருக்கே ஆபத்தாகிறது. அதையும் சொன்னேன்.

"வயித்துப்பாட்டுக்கு என்ன செஞ்சான்?"

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான் என்றேன்.

"அப்போ அவனுக்குக் கூலி குடுத்திருக்காங்கல்லா" என்றாள் அம்மா.