தொப்பியில் விழுந்த சில்லறை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அழைப்பிதழில் ஃபுட்பால் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு பீலே, மரடோனா பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நாம் ஃபுட்பால் என்று சொல்வதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். அவர்களுடைய ஃபுட்பாலில் இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரில் வருகிறவனை முட்டித் தள்ளிவிட்டு ஓட வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஏனென்றால் நான் பந்தைவிடக் காசைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர். மிச்சிகன் ஏரியின் விரல் ஒன்று நிலத்துக்குள் நீண்டு முடியும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இன்றும் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக்கில் 32 அணிகள் ஆடுகின்றன. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று பெரும்பாலும் மாநகரங்களின் பெயர்கள். அந்த வரிசையில் இந்தச் சின்ன ஊரின் அணியும் இருக்கிறது, கிரீன் பே பேக்கர்ஸ். மற்ற அணிகளுக்கெல்லாம் பெரும் பணக்கார முதலாளிகள் உண்டு. இந்த அணிக்கு மட்டும் முதலாளி என்று யாரும் கிடையாது. 5 லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள்தான் உண்டு. அவர்களுக்கு ஒரு காசு லாபப் பங்கு வராது. வாங்கிய பங்கை வெளியில் விற்கவும் முடியாது.

இது எப்படி நடந்தது? சின்ன ஊர், பாசமான மக்கள், அணியைக் கைவிடவில்லை என்று கதை சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் மற்ற சின்ன ஊர்களின் கதையையும் சேர்த்துப் படித்தபோது, பாசம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அது எங்கும் அணியைக் காப்பாற்றவில்லை.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன்.

1919 ஆகஸ்ட் 11. கிரீன் பே பிரஸ் கெஜட் என்ற உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆசிரியர் குழு அறையில் சில இளைஞர்கள் கூடினார்கள். கூட்டியவர்கள் இருவர். ஒருவர் கர்லி லாம்போ, 21 வயது. சுருட்டை முடியால் வந்த பெயர் கர்லி. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் ஆடியவர், டான்சிலில் கோளாறு வந்து ஊர் திரும்பியவர் பிறகு படிக்கப் போகவேயில்லை. இன்னொருவர் ஜார்ஜ் கால்ஹூன், அந்தச் செய்தித்தாளில் வேலை பார்த்தவர்.

லாம்போவுக்கு இந்தியன் பேக்கிங் கம்பெனியில் வேலை. இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் கம்பெனி அது. மாதம் 250 டாலர் சம்பளம், அந்தக் காலத்துக்கு அது கொழுத்த சம்பளம். முதலாளியிடம் போய் அணிக்குச் சட்டையும் சாமானும் வாங்கப் பணம் கேட்டார். கம்பெனி 500 டாலர் கொடுத்தது, பயிற்சிக்குத் தன் இடத்தையும் விட்டது. டப்பாவில் அடைப்பவர்கள் பேக்கர்ஸ், அதனால் அணியும் பேக்கர்ஸ். இரண்டு வருடத்துக்குள் அந்தக் கம்பெனியே இன்னொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. 500 டாலருக்கு நூறு வருட விளம்பரம் வாங்கினார்கள், அனுபவிக்கத்தான் கம்பெனி இல்லை.

முதல் வருட ஆட்டம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹேகமைஸ்டர் பார்க் என்று ஒரு திறந்தவெளி. வேலி கிடையாது, உட்காரப் படிக்கட்டு கிடையாது, ஆகவே டிக்கெட்டும் கிடையாது. ஓரத்தில் ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் கார்களை நிறுத்தி, சிலர் உள்ளேயும் சிலர் கூரை மேலேயும் உட்கார்ந்து பார்த்தார்கள். நின்று பார்ப்பவர்கள் பந்து போகும் பக்கமெல்லாம் கயிற்றோரமாகக் கூடவே நடந்தார்கள். ஆட்டம் சூடு பிடித்தால் கயிறாவது ஒன்றாவது, கூட்டம் மைதானத்துக்குள்ளேயே வந்துவிடும். இடைவேளையில் இரண்டு அணியும் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் போய் உட்காரும். ஊர்க்காரர்கள் சுற்றி வளையமாக நின்றுகொண்டு, அடுத்த பாதியில் என்ன செய்யலாம் என்று யோசனை சொல்வார்கள்! காசே கொடுக்காதவனும் பயிற்சியாளராக இருந்த காலம் அது.

காசு எப்படி வந்தது என்றால், கால்ஹூன் தன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு போவார். விருப்பப்பட்டவர்கள் சில்லறை போடுவார்கள். இந்தத் தொப்பியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் 11 ஆட்டம், 10 வெற்றி. அவர்கள் எடுத்தது 565 புள்ளி, கொடுத்தது வெறும் 12. கடைசி ஆட்டத்தில் பெலாய்ட் ஊர் அணியிடம் 6-0 என்று தோற்றார்கள். நடுவர் பெலாய்ட் பக்கம் சாய்ந்துவிட்டார், நம்முடைய டச் டவுன்களைச் செல்லாது என்று சொல்லிவிட்டார் என்று கிரீன் பேயில் ஒரே புலம்பல். ஊர் எதுவானாலும் தோற்றவர்கள் முதலில் பார்ப்பது நடுவரின் முகத்தைத்தான். வருடக் கடைசியில் தொப்பிக் கணக்கைப் பிரித்தபோது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கிடைத்தது 16 டாலர் 75 சென்ட்.

1920இல் ஓஹியோ மாநிலத்துக் கான்டன் ஊரில், ஒரு கார் விற்பனைக் கடையில் சில அணிக்காரர்கள் கூடி ஒரு லீக்கைத் தொடங்கினார்கள். இன்றைய லீக்கின் பிறப்பு அதுதான். 1921இல் பேக்கர்ஸும் சேர்ந்தது. அப்போது அணியின் பின்னால் இருந்தது அந்த இறைச்சிக் கம்பெனியை வாங்கிய ஆக்மே பேக்கிங் கம்பெனி. முதல் லீக் ஆட்டத்தில் மினியாபொலிஸ் அணியை 7-6 என்று வென்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு தில்லுமுல்லு. அந்த டிசம்பரில், லீக் கணக்கில் சேராத ஒரு ஆட்டத்துக்கு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூன்று பேரை வேறு பெயரில் இறக்கினார்கள். அப்படிச் செய்தது அவர்கள் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் பல அணிகள் செய்தன. ஆனால் இவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1922 ஜனவரியில் லீக்கில் இருந்து பேக்கர்ஸ் வெளியேறியது. ஜூன் மாதம் லாம்போ தன் பெயரில் உரிமையைத் திரும்ப வாங்கினார். அதற்குப் பணம் திரட்ட நண்பர் ஒருவர் தன் காரையே விற்றார், பதிலுக்கு ஒரு நிமிடம் களத்தில் ஆட இடம் கேட்டார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது, அழகு கொஞ்சம் அதிகமாகவே இருப்பதால் நான் முழுக்க நம்புவதில்லை.

இப்போது கம்பெனி பின்னால் இல்லை. 24 வயது லாம்போவிடம் காசும் இல்லை. வானமும் கை கொடுக்கவில்லை. 1922இல் மழை கொட்டித் தீர்த்தது. மழை பெய்தால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் எதிரணிக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. சாமர்த்தியமாக மழைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். இத்தனை அளவு மழை விழுந்தால் இவ்வளவு பணம் என்று பேச்சு. கொலம்பஸ் அணி ஆட வந்த அன்று மழை பெய்தது. கூட்டம் வரவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் அளந்து பார்த்தார்கள். ஒப்பந்த அளவுக்கு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு குறைந்ததாம்! பணம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு இன்னும் நாலு தூறல் விழுந்திருந்தால் நான் இங்கே வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

நவம்பர் கடைசியில், நன்றி கூறும் நாள் என்ற அமெரிக்கப் பண்டிகையன்று, டுலூத் அணியோடு ஆட்டம். அன்றும் மழை. ஆட்டத்தை ரத்து செய்துவிடலாமா என்று லாம்போ தவித்தபோது, செய்தித்தாளின் நிர்வாகத்தில் இருந்த ஆண்ட்ரூ டர்ன்புல் சொன்ன யோசனைதான் கதையைத் திருப்பியது. நஷ்டமானாலும் ஆடிவிடு, ரத்து செய்தால் ஊருக்கு உன் மேல் நம்பிக்கை போய்விடும், கடனுக்கு நான் ஊர்ப் பெரியவர்களைத் திரட்டுகிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். ஆடினார்கள். டர்ன்புல்லும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

1923இல் ஊரில் பங்கு விற்றார்கள். பங்கு ஒன்று 5 டாலர், மொத்தம் ஏறத்தாழ 1,000 பங்கு. பங்கு வாங்குகிறவர் ஆறு சீசன் டிக்கெட்டும் வாங்க வேண்டும் என்று ஒரு கொக்கி. லாம்போ, டர்ன்புல் இருவரோடு ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு மளிகை வியாபாரி. எப்போதும் ஊரில் யாரிடமாவது பணம் கேட்டுக்கொண்டே திரிந்ததால் இந்த ஐவருக்கும் 'பசித்த ஐவர்' என்றே பெயர் வந்துவிட்டது. எனக்கு இது கால்ஹூனின் தொப்பிதான். முன்பு கையில் நீட்டினார்கள், இப்போது ரசீது கொடுத்து நீட்டினார்கள்.

ஆனால் அந்தப் பத்திரத்தில் இன்னொரு சங்கதி இருந்தது. இது லாப நோக்கில்லாத அமைப்பு. லாபம் வந்தால் அது முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய வீரர்களின் உள்ளூர்ச் சங்கக் கிளைக்குப் போகும், பங்குதாரருக்கு வராது. அணியை விற்றுவிட்டால்கூட விற்ற காசு யார் பையிலும் விழாது. பேராசைக்காரன் ஒருவன் நாளைக்கு நிர்வாகத்துக்கு வந்தாலும் அணியை விற்று அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1997இல் அந்தக் கிளைக்குப் பதிலாக அணியின் அறக்கட்டளை வந்தது, அடிப்படை மாறவில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் கான்டனைப் பாருங்கள். லீக் பிறந்த ஊர். 1922, 1923 இரண்டு வருடமும் கான்டன் புல்டாக்ஸ்தான் சாம்பியன், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல். அந்த ஊர்க்காரர்களுக்குப் பாசம் குறைவா? இல்லை. ஆனால் அணி சிலருடைய சொத்து. நஷ்டம் என்றதும் 1924இல் கிளீவ்லேண்ட்காரர் ஒருவருக்கு விற்றார்கள், அவர் நல்ல ஆட்டக்காரர்களைத் தன் ஊருக்குக் கொண்டுபோய் அந்த வருடமே சாம்பியன் ஆனார். கான்டனில் பிறகு ஒரு அணி எழுந்து 1926ஓடு மறைந்தது. டெகேடர் என்ற ஊரின் மாவுக் கம்பெனி அணி 1921இல் சிகாகோவுக்குப் போய், இன்றைய சிகாகோ பேர்ஸ் ஆனது. ராக் ஐலண்ட், டுலூத், ஹாமண்ட் எல்லாம் வரிசையாகக் காணாமல் போயின. மிஞ்சியது கிரீன் பே ஒன்று.

நடுவில் வந்த நல்ல காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925இல் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் 6,000 பேர் உட்காரச் சிட்டி ஸ்டேடியம் கட்டினார்கள். 1929இல் முதல் சாம்பியன் பட்டம். ஊரில் 5 ஆட்டம் முடித்துவிட்டு, தொடர்ந்து 8 ஆட்டம் வெளியூரில் ஆடினார்கள். மொத்தம் 13 ஆட்டத்தில் 12 வெற்றி, ஒரு சமன், எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 22 புள்ளி. நியூயார்க்கில் ஜயன்ட்ஸ் அணியை 20-6 என்று வென்ற அன்று, தொடங்கிய 11 பேரே கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்க நின்றார்கள். ரயிலில் ஊர் திரும்பியபோது ஸ்டேஷனில் 20,000 பேர். ஊரின் மக்கள்தொகையே 37,000தான்! 1930, 1931இலும் பட்டம் அவர்களுக்கே.

அந்த 1931இலேயே ஒரு ரசிகர் பலகைப் படிக்கட்டில் இருந்து விழுந்து அடிபட்டு வழக்குப் போட்டார். சுமார் 5,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறதே என்று பார்த்தால் அது திவாலாகிப் போயிருந்தது. இந்த அணிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஜாதகமே ஒத்துவரவில்லை. மூன்று முறை சாம்பியனான அணி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. 1935இல் மறுபடியும் ஊரில் பங்கு விற்று 15,000 டாலர் திரட்டித்தான் மீண்டது.

1940களின் கடைசியில் மூன்றாவது கண்டம். போட்டி லீக் ஒன்று வந்து சம்பளத்தை ஏற்றிவிட்டது. 1949 நன்றி கூறும் நாளில், பேக்கர்ஸ் தன் ஆட்டக்காரர்களையே இரண்டாகப் பிரித்து, பனி கொட்டும்போது ஒரு காட்சி ஆட்டம் நடத்தியது. சுமார் 50,000 டாலர் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் லாம்போ, முதலீட்டாளர்களைக் கூட்டி வருகிறேன், லாபக் கம்பெனியாக மாற்றிவிடலாம் என்றார். அணியைப் பெற்றவரே கேட்கிறார். இயக்குநர்கள் முடியாது என்றார்கள். 1950 பிப்ரவரியில் அவர் விலகி சிகாகோ கார்டினல்ஸுக்குப் போனார். அவர் இறந்த 1965இல், அணி இன்று ஆடும் அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் போன அந்த வருடம் மறுபடியும் பங்கு விற்பனை. பங்கு ஒன்று 25 டாலர். ஒருவருக்கு 200 பங்குக்கு மேல் கிடையாது, யாரும் மொத்தமாக வளைத்துவிடக் கூடாதே. 1,18,000 டாலர் சேர்ந்தது. ஒரு நாள் ரைட்ஸ்டவுன் பக்கத்துப் பண்ணையில் இருந்து ஒரு அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்தால் உள்ளே எல்லாம் கால் டாலர் நாணயங்கள். எண்ணிப் பார்த்தார்கள், சரியாக 25 டாலர் இருந்தது.