கார்னகி கட்டிக் கொடுத்தார், பராமரிப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். சின்ன ஊர் நூலகக் கட்டடங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் அமெரிக்காவின் கார்னகி நூலகங்களை எடுத்துக்கொள்கிறேன், கட்டடம் கட்டுவதைவிட அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு என்று அவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆண்ட்ரூ கார்னகி இரும்பாலை முதலாளி. முதல் நூலகத்தைத் தான் பிறந்த ஸ்காட்லாந்து ஊரான டன்ஃபர்ம்லினுக்குக் கொடுத்தார், அது 1883இல் திறந்தது. அமெரிக்காவில் முதலாவது பென்சில்வேனியாவின் பிராடக் என்ற ஆலை ஊரில், 1889இல். அதன் அடித்தளத்தில் தொழிலாளர்கள் குளிக்க அறைகள்கூட இருந்தன! 1892இல் பக்கத்து ஊரான ஹோம்ஸ்டெட்டில் அவருடைய ஆலையில் வேலைநிறுத்தம் நடந்து ரத்தம் சிந்தியது. கூலியில் கை வைத்துவிட்டுப் புத்தகம் கொடுக்கிறாரே என்று தொழிலாளர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனாலும் அமெரிக்காவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன, பெரும்பாலும் சின்ன ஊர்களில். பணம் கேட்டு எழுதும் ஊர்களுக்கு அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் இரண்டு நிபந்தனை போட்டார்: இடம் ஊருடையது, அப்புறம் கொடுத்த தொகையில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் ஊரே வரிப்பணத்திலிருந்து செலவிட வேண்டும். அதாவது 10,000 டாலர் வாங்கினால் வருஷம் 1,000 டாலர். சில ஊர்கள் தூண், குவிமாடம் என்று ஆடம்பரமாகக் கட்டி இடத்தை வீணடித்ததால், 1911இல் எப்படிக் கட்டுவது என்று ஒரு சிறு கையேடே போட்டார். பக்கத்துச் சுவர், பின்சுவர் ஜன்னல்களைத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் வைக்கலாம், அப்போதுதான் கீழே சுவர் நெடுக அலமாரி போட முடியும் என்பது வரை அதில் உண்டு. நடுவில் உட்காரும் ஒரே நூலகர் அறை முழுவதையும் பார்க்க முடிய வேண்டும் என்பதும் திட்டம். சின்ன ஊரால் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதே!

சரி, கையெழுத்துப் போட்ட ஊரெல்லாம் வாக்கைக் காப்பாற்றியதா? ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியலாளர் நேரில் சுற்றிப் பார்த்து 1916இல் அறிக்கை கொடுத்தார். பல இடங்களில் கட்டடம் இருக்கிறது, நல்ல புத்தகமும் பயிற்சி பெற்ற நூலகரும் இல்லை என்றார். அடுத்த ஆண்டே கட்டடங்களுக்கான புதிய உதவி நின்றுபோனது.

இன்று அந்தக் கட்டடங்களுக்குப் பெரிய தலைவலி வாசல்தான். அடித்தளத்துக்கு வெளிச்சம் வரட்டும் என்று தரையைத் தூக்கிக் கட்டியதால் ஏழெட்டுப் படி ஏறித்தான் உள்ளே போக முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் சாய்தளமோ லிப்டோ வைத்தாக வேண்டும். முகப்பைத் தொடாமல் பின்பக்கம் புதுப்பகுதி சேர்த்து, அங்கே லிப்ட் வைத்த ஊர்கள் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சில ஊர்கள் அலுத்துப்போய்க் கட்டடத்தை அருங்காட்சியகமாகவோ அலுவலகமாகவோ மாற்றிவிட்டன. இடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். பிராடக் நூலகமும் 1974இல் மூடப்பட்டது, ஊர்க்காரர்கள் போராடி மீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கிறார்கள், 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த வழி அது. உங்கள் ஊர்க் கிளை நூலகம் மழைக்கு ஒழுகினால், அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.