ஜிபிடிக்கு மாத்துனா ஹார்டு டிஸ்க் பறக்குமாம்ல!

வணக்கம் மக்களே. போன வீடியோ கமென்ட்ல ஒரு புரளி ஓடுது: "4 டிபி டிஸ்க் ஸ்லோவா, ஜிபிடிக்கு மாத்து, பறக்கும்." மதுரையில இருக்க கல்யாண வீடியோ அண்ணனுங்க பாதிப் பேரு இத நம்பிட்டாக. அண்ணே, எம்பிஆரோ ஜிபிடியோ, வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. டிஸ்க்குல எந்தப் பகுதி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறிச்சு வைக்கிற வெறும் கணக்குப் புத்தகம் ரெண்டும். எம்பிஆர் பழசு, ஜிபிடி புதுசு.

எம்பிஆர் கணக்கு 32 பிட். ஒரு செக்டார், அதாவது டிஸ்க்கோட சின்னக் கட்டம், 512 பைட்டுன்னா 2.2 டிபியோட முடிஞ்சுச்சு. விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுல அதே 2.2 டிபி 2048 ஜிபின்னு தனியா, மிச்சம் 1678 ஜிபி கறுப்புப் பட்டையா சும்மா கிடக்குதா? அதுக்குத்தான் ஜிபிடி. விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கிற டிஸ்க்பார்ட்டுல லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், க்ளீன், கன்வெர்ட் ஜிபிடி. அம்புட்டுதான். க்ளீன் அடிச்சா உள்ள இருக்குறது காலி, அதனால டிஸ்க் நம்பரையும் சைஸையும் ரெண்டு தடவ பாருங்க. பழைய டிவியில போடுற டிஸ்க்கா இருந்தா எம்பிஆரே இருக்கட்டும், பல டிவிக்கு ஜிபிடி தெரியாது.

சரி, ஸ்லோ எதுனால? முதல்ல கேபிள். எக்ஸ்டர்னல் டிஸ்க்குல அந்த அகலமான, நடுவுல பிளவு விட்ட ஓட்டை இருக்குல்ல, அதுல பாதியில பழைய போன் சார்ஜர் கேபிள் கச்சிதமா உக்காரும். வேலையும் செய்யும். ஆனா யுஎஸ்பி 2 வேகத்துல, செகண்டுக்கு 35, 40 எம்பி. ஒரிஜினல் கேபிள் தொலைஞ்சுச்சுன்னு இப்படிச் சொருகிட்டு டிஸ்க்கத் திட்டுறாக! நூத்தம்பது ரூபா கேபிள்ங்க. பத்தாயிரத்துக்கு டிஸ்க் வாங்கத் தெரியுது, நூத்தம்பது ரூபாய்க்குக் கை வரமாட்டேங்குது. அதை கம்ப்யூட்டரோட நீல யுஎஸ்பி 3 போர்ட்டுல சொருகுங்க.

அடுத்து எஸ்எம்ஆர், டிஸ்க்குல டேட்டா எழுதுற ஒரு முறை. எனக்கு இந்த ஜாதி டிஸ்க்கே பிடிக்காது. ஓடு வேஞ்ச மாதிரி ட்ராக் மேல ட்ராக் ஏறி இருக்கும். ஒண்ணத் திருத்தணும்னா பக்கத்து ட்ராக்கையும் திரும்ப எழுதணும். முதல் கொஞ்ச ஜிபி ஜம்முன்னு போகும், கேஷ் ரொம்புனதும் 20, 30 எம்பிக்குப் படுத்துரும். கரண்ட அணைக்காம சும்மா விடுங்க, அதுவே உள்ள ஒதுங்க வச்சுக்கும். தினம் எடிட் பண்ற டிஸ்க்கா மட்டும் வாங்காதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பரப் போட்டு, ட்ராக் மேல ட்ராக் ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்கான்னு பாத்துருங்க.

டிஸ்க்கோட உடல்நிலையக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர்ல சி5, அதாவது படிக்க முடியாம நிக்கிற செக்டார் எண்ணிக்கை, ஏறுனா வெரசா காப்பி எடுங்க. சி7, அதாவது டேட்டா போற வழியில வர்ற பிழை எண்ணிக்கை, ஏறுனா அனேகமா டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிள்தான். மாத்துனாலும் அந்த நம்பர் இறங்காது, மேல ஏறாம நின்னாப் போதும்.

அட, ஜிபிடியில ஒண்ணச் சொல்லாம விட்டுட்டேன். சில பழைய எக்ஸ்டர்னல் பெட்டி, செக்டார 4096 பைட்டுன்னு காட்டி எம்பிஆர்லயே 4 டிபிய ஓட்டும். டிஸ்க்கக் கழட்டி நேரா சாட்டாவுல மாட்டுனா 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கேக்கும். பண்ணிராதீங்கப்பு! திரும்ப அதே பெட்டியில போட்டா எல்லாம் இருக்கும். அங்கிருந்து காப்பி எடுத்துட்டு அப்புறம் ஜிபிடிக்கு மாத்துங்க.

ஃபுல் ஃபார்மட் போட்டா 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், யுபிஎஸ் இல்லாம தொடாதீங்க. இந்தா பின்னாடி ஓடுது பாருங்க, 38 பெர்சென்ட். நான் போய் ஒரு ஜிகர்தண்டா குடிச்சிட்டு வாரேன்.