மீன் தொட்டியில கல்லைப் போடுறதுக்கு முன்னாடி நாலு சொட்டு வினிகர்!

[திரையில்: அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், உள்ளே கல்]

மக்களே, முதல்ல அந்த அடுப்பை அணைங்க! "கல்லைக் கொதிக்க வெச்சா கிருமி செத்துடும், அப்புறம் டேங்க்ல போடு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கல்லோட நுண்ணிய விரிசல்ல தண்ணி ஒளிஞ்சிருக்கும். சூடு ஏறினா அது ஆவியாகும். ஆவிக்கு வெளியே வர வழி இல்லேன்னா கல்லு வெடிச்சுச் சிதறலாம். கடல் பாறைன்னா இன்னும் மோசம். அதுல ஒட்டியிருக்கிற சில உயிரிகள்ல பாலிடாக்சின்னு கொடிய நஞ்சு இருக்கும், கொதிச்சா ஆவியோட சேர்ந்து உங்க நுரையீரலுக்கே வந்துடும். பிரஷ்ஷால அழுத்தித் தேய்ச்சுக் கழுவுங்க, போதும். சோப்பு பக்கமே போகாதீங்க.

கழுவியாச்சா? நல்லாக் காய விடுங்க. ஒரு மூலையில ஆணியால சுரண்டி, அந்தப் பொடி மேல நாலு சொட்டு வினிகர் விடுங்க.

[திரையில்: கல்லின் மேல் பொங்கும் சின்னக் குமிழிகள், மிக அருகில்]

பார்த்தீங்களா, நுரைக்குது! அது கார்பன் டை ஆக்சைடு. அப்படின்னா கல்லுல கால்சியம் கார்பனேட் இருக்கு. சுண்ணாம்புக்கல், பளிங்கு, பவளம், சிப்பி எல்லாம் இந்தக் குடும்பம்தான். தண்ணிக்குள்ள இது மெதுவாக் கரையும், தண்ணி கடினமாகும், அதாவது கரைஞ்ச தாதுக்கள் கூடும். பிஎச்னு சொல்ற அமில-காரத்தன்மை அளவும் ஏறும். மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணியில வளர்ற டிஸ்கஸ், காட்டு நியான் டெட்ரா மாதிரி மீன்களுக்கு இது ஆகவே ஆகாது. நுரைக்கலேன்னா உடனே குதிக்காதீங்க. துருக்கறை, பச்சைக்கறை, உலோகப் பளபளப்பு இருந்தா அந்தக் கல்லே வேண்டாம். செம்பு துளி கரைஞ்சாலும் இறால் செத்துடும்.

சரி, அப்போ சிப்பி, நத்தை ஓடு எல்லாம் கெட்டதா? இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆளு வர்றாரு!

[திரையில்: மணலில் பாதி புதைந்த நத்தை ஓடு, வாசலில் இரண்டு கண்]

ஆப்பிரிக்காவோட டாங்கனிக்கா ஏரியில நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ்னு ஒரு மீன். பேரு பாதி ஏரி நீளம், ஆளு நாலு சென்டிமீட்டர்தான். காலி நத்தை ஓடுதான் வீடு, முட்டையிடுறதும் அதுக்குள்ளதான். வாயில மணலை அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டைச் சுத்திப் பள்ளம் தோண்டி, வாசல் மட்டும் தெரியற மாதிரி புதைச்சு வெக்கும். நீங்க கையை விட்டா, சுண்டு விரல் நீளம்கூட இல்லாம இருந்துக்கிட்டு உங்களையே முட்ட வரும்! அந்த ஏரித் தண்ணியோட பிஎச் கிட்டத்தட்ட 9. கார்பனேட் ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கிறதால, நத்தை செத்த பிறகும் ஓடு லேசில கரையாது, அடியில படுகை படுகையாக் குவிஞ்சு கிடக்கும். டெட்ராவுக்கு ஆகாத அதே ஓட்டுலதான் இவரு குடும்பமே நடத்துறாரு. அதனால கடையில அழகா இருக்குன்னு வாங்காம, உங்க மீன் எந்தத் தண்ணியில இருந்து வந்ததுன்னு பார்த்து வாங்குங்க.

மரம்? பச்சை மரம் கூடாது, அழுகித் தண்ணியோட ஆக்சிஜனைத் தின்னுடும். பிசின் வடியற பைன் வகையும் வேண்டாம். பட்டை உரிச்ச, நல்லாக் காஞ்ச கெட்டி மரம் எடுங்க. கல்லு மாதிரி இல்ல, மரத்தைத் தாராளமா வேக வெக்கலாம். அப்புறம் மூழ்குற வரைக்கும் ஊறப் போடுங்க. தண்ணி கட்டஞ்சாயா மாதிரி மாறினா பயப்படாதீங்க, அது டானின், மரத்துல இருந்து இறங்குற சாயம். முதல் சில வாரம் மேல வெள்ளையா வழுவழுன்னு ஒண்ணு படரும், அதுவும் ஆபத்தில்ல. இறாலுக்கு அது விருந்து.

இலை: பூச்சிமருந்து படாத, தானா உதிர்ந்து காஞ்ச நாட்டுப் பாதாம் (நாட்டு வாதுமை) இலை. அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. பெரிய கல்லை மணல் மேல வெக்காதீங்க. முதல்ல கல்லு, அப்புறம் சுத்தி மணல். இல்லேன்னா நம்ம தோண்டுற ஆளு அடியில மணலை எடுத்துடுவாரு, கல்லு கண்ணாடியில சாஞ்சா ராத்திரி தரை முழுக்கத் தண்ணி. உங்க டேங்க்ல எந்தக் கல்லு, எந்த மீன்னு கமெண்ட்ல எழுதுங்க, சேர்ந்து பார்க்கலாம்!