செங்கடல் துறைமுகமும் நம் தோணிக் கணக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் கடலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதற்கு நன்றி.

ரோமானிய எகிப்தின் செங்கடல் கரை பற்றி மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்: துறைமுகம், பருவக்காற்று, கணக்கு. கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார் எங்கள் ஆச்சி. அந்தக் கரைக்காரர்கள் அதை அப்படியே செய்தவர்கள்.

நைல் கரையில் கொப்டோஸ் என்று ஓர் ஊர். அங்கிருந்து செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகத்துக்குப் பாலைவனத்தில் 12 நாள் வழி. வெயில் தாங்காமல் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஒட்டகம் போகும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தத் தடத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் நிகானோர் என்பவர் குடும்பத்தோடு ஒட்டகத்தில் சுமை ஏற்றிப் பிழைத்தார், நம்ம ஊர் லாரி செட்டு மாதிரி. இவர் கோதுமையைக் கொண்டுபோய் இறக்குவார், அங்கே இருக்கும் ஆள் ‘வந்து சேர்ந்தது’ என்று எழுதிக் கொடுப்பார். எதில் தெரியுமா? உடைந்த பானை ஓட்டில்! பப்பிரஸ், அதாவது அந்தக் காலத்து நாணல் காகிதம், என்றால் காசு, ஓடு சும்மா கிடக்கும். யார் கொடுத்தது, எவ்வளவு, எந்தத் தேதி, எல்லாம் அந்த ஓட்டில் இருக்கிறது. அது மண்ணில் கிடந்ததால்தானே ஐயா, ஒரு ஒட்டகக்காரர் பெயரை இன்றைக்கு இந்த மேடையில் சொல்கிறேன்!

அப்புறம் கி.பி. 90இல் கொப்டோஸில் அந்தப் பாதையில் போவதற்கான கட்டணத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்: மாலுமிக்கு 5 திராக்மா (அந்த ஊர்க் காசு), பாய்மரத்துக்கு 20. சேர நாட்டு முசிறித் துறைமுக வணிகத்தில் வந்த ஹெர்மப்போலோன் கப்பலின் சரக்கு ஒரு பப்பிரஸில் இருக்கிறது. கங்கைப் பக்கத்து ஜடாமாஞ்சில் என்ற வாசனைச் சரக்கு 60 பெட்டி, தந்தம் எடை வாரியாக, கால் பங்கு சுங்கம். பெரெனிகே கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு ஜாடியோடு கிடைத்தது. தமிழ்ப் பிராமியில் பெயர் எழுதிய ஓடும் அந்த ஊரில்தான் கிடைத்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

பருவக்காற்றைப் பற்றி இங்கே இருக்கும் தோணித் தலைவர்களான தண்டல்மாருக்கு நான் சொல்லவா வேண்டும்? அதை விடுவோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி விட்ட ஊர் இது. அந்தக் கணக்கெல்லாம் எங்கே? சமீபத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பாய்த்துணி, கயிறு, தண்டலுக்கு முன்பணம் என்று வரி வரியாக எழுதிய நோட்டுகள் மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பாதி கிழிந்து பொட்டலமாகிவிட்டது. மனசு ஆறவில்லை.

வாசலில் மேசை போட்டு இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அப்படி நோட்டு வைத்திருப்பவர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு உங்களிடமே இருக்கட்டும், நாங்கள் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறோம்.